செம்பருத்திக் கிளையில் வந்த விருந்தாளி

ஷோபனாவின் மகளுக்கு எட்டு மாதம். எடை ஆறு கிலோவைத் தாண்டவே மாட்டேன் என்றது. அங்கன்வாடித் தராசில் குழந்தையைக் கிடத்தும்போதெல்லாம் முள் கொஞ்சமாவது நகருமா என்று அவள் குனிந்து பார்ப்பாள்.

குத்தாலம் பக்கம் ஐப்பசி மழை பிடித்த வாரம், கொல்லையில் துணி அலசப் போனவள், தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்திருந்த செம்பருத்திக் கிளையில் அதைப் பார்த்தாள். பழுப்பு நிறம், கட்டைவிரல் நீளம். காலை மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்த கண்ணாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, தேரைடி! இது வீட்டுல இருந்தா புள்ள எப்படித் தேறும்? உப்ப அள்ளிப் போடு."

ஷோபனா ஓடிப்போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்துவிட்டாள். பிடி உப்போடு கிட்டே போனால், அதன் தொண்டை மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. தூங்கும் மகளின் உச்சந்தலையும் இப்படித்தான் துடிக்கும். அவளுக்குக் கை எழவில்லை. போனில் படம் பிடித்து, மயிலாடுதுறையில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கும் கல்லூரித் தோழி பர்வினுக்கு அனுப்பினாள்.

பர்வின் உடனே கூப்பிட்டாள். "விரல் நுனியப் பாரு. பொட்டு வச்ச மாதிரி வட்டமா இருக்கா?"

"இருக்குடி."

"கண்ணுக்குப் பின்னால கறுப்பாக் கோடு?"

"ஆமா, மை இழுத்த மாதிரி."

"அப்ப மரத்தவளை. கொசுவையும் பூச்சியையும் தின்னுட்டு அதுபாட்டுக்குக் கெடக்கும். உப்பு பட்டா செத்துடும், பாவம்."

"புள்ள எடை ஏறாததுக்கு இதுதான் காரணம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க."

"இதுவே மழைக்கு இப்பத்தானே வந்துருக்கும்? டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

ஷோபனா இன்னும் காட்டவில்லை. ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தாள். உப்பை ஜாடியிலேயே கொட்டினாள்.

மறுநாள் கணவன் ராம்கியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் குறைவு, வேறு பயமில்லை என்றார் டாக்டர். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும், நெய்விட்ட பருப்புச் சாதமும், முட்டை மஞ்சள் கருவும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தொட்டிக்கு மேலே, கிளையில் வெள்ளை நுரை திரண்டிருந்தது. சோப்பு நுரை என்று நினைத்து ராம்கி குவளையில் தண்ணீர் மொண்டான்.

"என்னங்க, ஊத்தாதீங்க! அது தவளை கட்டுன கூடு. உள்ள முட்டை இருக்காம், பர்வின் சொன்னா."

ராம்கி குவளையைக் கீழே வைத்தான். அன்று முதல் துணி துவைப்பது அடிபம்புக்கு மாறியது.

நாலாம் நாள் நுரை இளகி, கடுகு கடுகாய்த் தலைப்பிரட்டைகள் தொட்டியில் விழுந்தன. கண்ணாத்தாள் வேலியைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இத்தனையும் பொழைக்குமாடி?"

"பொழைக்கிறது பொழைக்கட்டும்க்கா. குட்டிய ஒரு நிமிஷம் பிடிங்க."

குழந்தையை வாங்கிய கண்ணாத்தாள் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அட, கனக்கிறாளே!" என்றாள்.