எதிர்ப்பக்கம் நடந்த முட்டாள்

மார்செய்ல் துறைமுகத்தில் கஸ்பார் மேஸ்திரியின் சீட்டுக்கட்டு அச்சடிக்கும் பட்டறை. ஓனொராத்துக்கு அன்று காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. வருஷக்கணக்காக அங்கே சீட்டுகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசுகிறவள். அச்சுக்கட்டை செதுக்குவது ஆண்களின் வேலையாம். நச்சரித்து நச்சரித்து ஒரே ஒரு கட்டை வாங்கியிருந்தாள், தாரோ என்ற ஆட்டத்துச் சீட்டுகளில் மூட்டையோடு நடக்கும் முட்டாள். நன்றாக வந்தால் செதுக்கும் கத்தி அவளுக்கு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தூரிகைதான்.

மேஸ்திரி மை பூசிய கட்டையிலிருந்து தாளை உரித்தார். பட்டறையே சிரித்தது. பழைய சீட்டைக் கட்டையில் ஒட்டி அப்படியே செதுக்கியிருந்தாள். அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும். பெயரை மட்டும் ஞாபகமாக இடவலம் மாற்றியவள், ஆளை மாற்ற மறந்துவிட்டாள். வலப்பக்கம் நடக்க வேண்டிய முட்டாள் இடப்பக்கம் நடந்தான்.

"வீட்டுக்குத் திரும்பிட்டான் போல. போய்த் தூரிகையை எடு," என்றார் மேஸ்திரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆடுறவங்க கையில குடுத்துப் பாருங்க மேஸ்திரி. ஒருத்தன் தடுமாறினாலும் எடுக்கிறேன்."

பந்தயம் என்றால் மேஸ்திரிக்கு வாயில் நீர் ஊறும். வண்ணம் பூசி, அட்டையில் ஒட்டி, அடுப்படியில் காயவைத்து, புதுக் கட்டு ஒன்றில் செருகினார்கள். மத்தியானம் எதிர்க்கடையில் ஆட்டம் தொடங்கியது. முட்டாள் சீட்டு சொவேர் என்ற படகோட்டியிடம் போனது. ஓனொராத் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து நின்றாள்.

கையில் விரித்த சீட்டுகளில் இடது ஓரம் மட்டும்தான் தெரியும். பழைய முட்டாளுக்கு அங்கே நாயின் பின்பக்கம். நிலாச் சீட்டின் ஓரத்திலும் நாய்தான். ஒவ்வொரு முறையும் இரண்டில் முட்டாள் எது என்று சொவேர் தேடுவான், அதை வைத்தே அவனிடம் முட்டாள் இருப்பதை எதிராளி கண்டுகொள்வான்.

எதிராளி பெரிய துருப்புச் சீட்டை இறக்கினான். சொவேரிடம் மிஞ்சிய ஒரே துருப்பு, நிறையப் புள்ளி தரும் வித்தைக்காரன். துருப்புக்குத் துருப்பு போட்டாக வேண்டும்; பதிலுக்கு முட்டாளைப் போட்டால் மட்டும் வித்தைக்காரன் பிழைப்பான். சொவேர் கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் முட்டாளை வீசினான்.

"எப்படிய்யா இவ்வளவு சீக்கிரம்?" என்றான் எதிராளி.

"இன்னிக்கு இவன் கம்பை நீட்டிக்கிட்டு முன்னாடியே வந்து நிக்கிறானே."

ஓனொராத் சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளினாள். மேஸ்திரி அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுதான் செதுக்கினியா?"

பொய் நுனிநாக்குவரை வந்தது. "இல்ல மேஸ்திரி. மறந்துட்டேன்."

அவர் இடுப்பிலிருந்த கத்தியை உருவி அவள் கையில் வைத்தார்.

"அப்போ மத்த சீட்டையும் மறந்துட்டே செதுக்கு."