அருள் அண்ணையின் இடது பின்சில்லு

1

இந்தக் கதை ஓர் உரசல் சத்தத்தில் பிறந்தது. அந்தச் சத்தத்துக்கு நானும் பொறுப்பு. வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் மேனுஷா. கிழமை நாட்களில் லூயிஷாமில் ஒரு கார் ரயர் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் கதை எழுதுவேன். இரண்டு இடத்திலும் ஒரே முறைப்பாடுதான் வரும்: "பாக்க வடிவாத்தான் இருக்கு, ஆனாப் பொருந்தேல்லை."

முதல் தொடக்கம்: லூயிஷாமின் ஈரத் தெருக்களில் விடியலின் பொன்னொளி மெல்ல [சீ. எங்கள் தெருவில் அப்படி ஓர் ஒளியை நான் கண்டதே இல்லை.]

இரண்டாவது: அருட்பிரகாசம் ஒரு கனவு காண்பவர், அவருடைய கண்களில் [பஸ் ட்ரைவர். கண்களில் கண்ணாடி.]

மூன்றாவதில் பிழை குறைவு.

2

அருட்பிரகாசம் அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. நாலு வருடமாக, ஷிப்ட் முடிந்த கையோடு வாடகைக் கராஜுக்குள் புகுந்து, எழுபது வயதான ஒரு ஃபோர்ட் காருக்குப் புது இஞ்சின், புது பிரேக் எல்லாம் போட்டார். பழைய உடம்பு, புதிய இஞ்சின். இப்படிச் செய்து தெருவில் ஓட்டுகிற காரை ஸ்ட்ரீட் ரொட் என்பார்கள். அவருடைய மனைவி பியற்றிஸ் அக்கா "அந்தச் சனியன்" என்பார்.

"அதுக்குள்ள நான் காலும் வைக்கமாட்டன். மாதாவாணை!" என்று முதல் வருடமே அக்கா சத்தியம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு யூலையும் வோல்சிங்கம் மாதா கோவில் யாத்திரைக்குப் பங்குக் கோச் பஸ்ஸில் தனியே போய் வந்தார். ["தனியே" என்பதை மூன்று தரம் வெட்டி, மூன்று தரம் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.]

3

கடைசியாகச் சில்லு, அதாவது சக்கரம், பூட்டும் நாள் வந்தது. கராஜுக்கு அளவு டேப்போடு போனேன். இரண்டு சோடி எடுத்துப் போயிருந்தேன். ஒன்று ஒல்லி, பார்வைக்குச் சாதாரணம். மற்றது அகலம், குரோம் பூச்சு, சில்லுக்கு மேலே மூடும் மட்காட்டின் விளிம்புவரை வந்து நிற்கும். அண்ணை அகலமானதைத் தடவிய விதத்தை இங்கே எழுதவில்லை. அக்கா வாசிப்பார்.

சில்லு அளக்கும்போது கார் நிலத்தில் நிற்க வேண்டும். ஏறுகிறவர்கள் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் பாரத்தில் உடம்பு இறங்கி, ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் உண்மையில் எவ்வளவு இடம் என்று தெரியும்.*

"ஆர் ஆர் ஏறுவினம், அண்ணை?"

"நான்தான்."

"அக்கா?"

"அவ மாதாவாணை எண்டு சொன்னவ. நான் அதை முறிக்கச் சொல்லுறதோ, பிள்ளை?"

அவர் வலது பக்கம் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். இடது ஆசனம் வெறுமையாக இருந்தது. அகலச் சில்லோடு இடது பின்பக்க இடைவெளியில் ஒரு விரல் போனது. கடைப் படிவத்தில் "பொருந்தும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தது நான்.

* சில்லு வாங்குவதைப் பற்றி ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். துளை எத்தனை, விட்டம் எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். யார் ஏறுவார்கள் என்பது இருக்காது.

4

யாத்திரை நாள் காலை, கடைக்காகக் காரைப் படம் எடுக்க அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். அக்கா நல்ல சேலை உடுத்து, பிளாஸ்கும் ஒரு குஷனுமாக வெளியே வந்தார். நேரே இடது கதவைத் திறந்தார். குஷனைப் போட்டார். ஏறி இருந்தார். அண்ணை இஞ்சினைக் கிளப்பினார்.

வாசலுக்குக் கிட்டவே இருந்த முதல் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. கிர்ர்ர்.

"என்ன சத்தம்?" என்றார் அக்கா.

"ரயர் முட்டுது."

"ஏன் முட்டுது?"

அண்ணைக்குப் பொய் சொல்ல வராது. "ஒராளுக்குத்தான் அளந்தது."

அக்கா இறங்கினார். "நான் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஃபாதரிட்டைக் கேட்டு, சத்தியத்தை எடுத்துப்போட்டு வந்திருக்கிறன். நீங்கள் என்னை அளவிலயே சேர்க்கேல்லை."

"நீர்தானே ஏறமாட்டன் எண்டீர்!"

"சொன்னனான்தான். நாலு வருசத்தில ஒருக்கா, ஒரேயொருக்கா, திருப்பிக் கேட்டீங்களோ?"

அவர் நடந்துபோய்க் கோச்சில் ஏறினார். குஷன் காருக்குள்ளேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, படம் எடுக்கவில்லை.

5

கதைக்கு முடிவுகள், இதுவரை:

அ) மட்காட்டின் உள்விளிம்பைத் தட்டி மடித்து, இருவரும் சிரித்தபடி வோல்சிங்கம் [தட்டினால் பெயின்ற் போகும். அண்ணை தட்டவிடமாட்டார்.]

ஆ) அண்ணை கோச்சுக்குப் பின்னாலேயே தனியாக ஓட்டிப் போகிறார், அக்கா பின் கண்ணாடியால் [கோச்சில் பின் கண்ணாடியை அடைத்துச் சோற்றுப் பெட்டிகள்.]

இதுவரை எழுதியதை வாட்ஸப்பில் இருவருக்கும் அனுப்பினேன். அண்ணை: "என்னை விசரனாக் காட்டியிருக்கிறாய். சரிதான்." அக்கா: "நான் அழுதன் எண்டு எழுதிப்போடாதை." எழுதவில்லை, அக்கா. நான்தான் அழுதேன்.

6

இன்று சனிக்கிழமை மத்தியானம். அண்ணை கூப்பிட்டதால் மறுபடி கராஜில் நிற்கிறேன். இரண்டு சோடியும் சுவரோடு சாய்ந்திருக்கின்றன. குஷன் இடது ஆசனத்தில், தூசு தட்டி வைத்திருக்கிறது.

"அவவிட்டை, வந்து இருப்பீரோ எண்டு கேட்டன்," என்றார் அண்ணை.

"அக்கா என்ன சொன்னவ?"

"சோறு அடுப்பில எண்டு சொன்னவ."

"அது ஓமோ, இல்லையோ?"

"கலியாணம் கட்டி முப்பத்திமூண்டு வருசம். எனக்குத் தெரியாது, பிள்ளை."

படிவத்தில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அக்கா வந்தால் ஒல்லிச் சில்லு, வராவிட்டால் அகலச் சில்லே போதும். கார் நல்ல வடிவாக இருக்கும், ஒரு சத்தமும் வராது. கராஜ் கதவு திறந்திருக்கிறது. அண்ணை என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கிறார்.

இடது பின்சில்லு, இடைவெளி: ________ விரல்.

இதை நான் நிரப்பமாட்டேன். ஆள் இல்லாமல் ஒருதரம் நிரப்பியவள் நான். பேனையை உங்களிடம் தருகிறேன். அவசரப்படாதீர்கள். சோறு இறக்கும்வரை பொறுங்கள்.