தாம்சனின் தர்பூஸ்

மேசைமேல் வைத்த தர்பூஸைக் குறுக்கே வெட்டியதும் ஒன்பதாம் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. விழுப்புரத்திலிருந்து தமிழ்ச்செல்வி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பழம். திண்டிவனத்து இந்தத் தனியார் பள்ளியில் இன்று அவளுக்கு மாதிரி வகுப்பு; பிடித்திருந்தால் வேலை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் சவுரிராயன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இதற்குமுன் போன இரண்டு பள்ளிகளிலும், பாடம் தெரிகிறது, வாய்தான் திறக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பிளக்க முடியாத உருண்டை என்று டால்டன் சொன்ன அணுவுக்குள் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் தாம்சன் என்றாள். அவர் சொன்ன அணு இந்தப் பழம் மாதிரி: சிவப்புச் சதை நேர்மின்சுமை, கொட்டைகள் எலக்ட்ரான்கள். புத்தகத்தில் இருந்தபடியே போர்டில் வட்டம் போட்டு, உள்ளே புள்ளிகளை இறைத்தாள்.

"மிஸ், அது தப்பு." முன்வரிசையில் அஸ்வினி. "கொட்டைய எறைச்சி வுட்டுக்கிறீங்க. பழத்துல பாருங்க, வட்டமா நின்னுக்கினு இருக்குது."

"அவங்க கொல்லையில தர்பூஸ்தான் மிஸ். தூக்கத்துலகூட அதான் அறுப்பா" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"புத்தகத்துல இருக்கறத மட்டும் நடத்துங்கம்மா" என்றார் சவுரிராயன்.

தமிழ்ச்செல்வி பழத்தைப் பார்த்தாள். வட்டமாகத்தான் நின்றன. தலையாட்டிவிட்டு அடுத்த பாராவுக்குப் போகலாம். வேலைக்கு அதுதான் நல்லது. ஆனால் கல்லூரி நூலகத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தாம்சனைப் பற்றிப் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

"அஸ்வினி சொல்றதுதான் சரி, சார்." குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. "தாம்சனும் எறைச்சி விடல. எலக்ட்ரான் வளையம் வளையமாத்தான் நிக்கும்னு கணக்குப் போட்டாரு. படம் போட்டவங்கதான் எறைச்சிட்டாங்க."

"அப்ப தாம்சன் ரைட்டா மிஸ்?" என்றாள் அஸ்வினி.

"இல்ல. அவருகிட்ட படிச்ச ரூதர்ஃபோர்டு, தங்கத் தகட்டுமேல துகள்களைப் பாய்ச்சினாரு. கிட்டத்தட்ட எல்லாமே நேரா போயிடுச்சி. ஒண்ணு ரெண்டு திரும்பி வந்துச்சி. அப்படின்னா நடுவுல ஒரு பொடி கரு, மத்ததெல்லாம் வெறும் எடம். சதையே கிடையாது."

"வாத்தியாரையே தப்புன்னுட்டாரா மிஸ்?"

"ஆமா. அப்புறம் ரூதர்ஃபோர்டுகிட்ட படிக்க வந்த போர்னு ஒருத்தர், அவர் விட்ட எடத்துலேர்ந்து சரி பண்ணாரு. எலக்ட்ரானைத் திரும்ப வளையத்துல நிறுத்தினாரு. சதை போயிடுச்சி, வளையம் நின்னுடுச்சி."

அஸ்வினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க வா" என்று தமிழ்ச்செல்வி சாக்பீஸை நீட்டினாள். "நீயே போடு."

அஸ்வினி துணியால் புள்ளிகளைத் துடைத்துவிட்டு, பழத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தாள். மணி அடித்தது. ஒருவரும் பையை எடுக்கவில்லை.

"டைம் முடிஞ்சிடுச்சிம்மா" என்றார் சவுரிராயன்.

"ஒரு நிமிஷம், சார்" என்றாள் தமிழ்ச்செல்வி, திரும்பாமலே. போர்டில் பாதி வளையம் வந்திருந்தது.