கறுப்பு மிதியடி

பார்க்கின்சன் வந்தால் கை நடுங்கும் என்பது ஊருக்கே தெரியும். கண்ணும் சேர்ந்துகொண்டு சேட்டை பண்ணும் என்பது மெக்கானிக்கின் மனைவிக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவள் புருஷனுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. போதாததற்கு, இல்லாத ஒரு சாம்பல் பூனை வேறு வீட்டில் குடித்தனம் நடத்தியது.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதவு திறந்தாலும், பெட்டி வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் காலை வைக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சந்தேகம் வந்தால் "இருக்கா?" என்பார். அவள் "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ சொல்வாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று கண் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டை ஒன்றாகக் காட்டும் கண்ணாடிக்கு அளவெடுக்க, மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நேரம். காரோடு வந்த அவள் தம்பி, பரிசாகக் கொண்டுவந்த மிதியடியை வாசலில் விரித்தான். பிறகு, அக்கா போட்ட டீயில் சர்க்கரை போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் போனை நோண்டினான்.

மெக்கானிக் அறையிலிருந்து வந்தார். "சோபால உன் தம்பி மாதிரியே ஒருத்தன் உக்காந்திருக்கான். இருக்கானா?"

டீயைக் குறை சொன்ன கடுப்பில் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல."

"அப்ப சரி" என்று அவர் சாவகாசமாகத் தம்பியின் மடியில் உட்கார்ந்தார். தம்பி போட்ட அலறலில் போன் ஒரு பக்கம் பறந்தது. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

கிளம்பி வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மிதியடி கன்னங்கரேலென்று கிடந்தது. அவர் கண்ணுக்கு அது பெட்டி வராத லிஃப்ட் குழி.

"தரை இருக்கா?"

"இருக்குங்க."

"உன் தம்பி இல்லன்னு சொன்னியே."

அவளுக்குச் சுருக்கென்றது. மிதியடி மேல் ஏறித் தொம்தொம்மென்று குதித்துக் காட்டினாள்.

"ரெண்டு பேரு குதிக்கிறீங்க. யாரை நம்பறது?"

"நேரமாகுது மாமா, நான் இதைச் சுருட்டிடறேன்" என்று தம்பி குனிந்தான்.

"விடுடா. சுருட்டிட்டா இன்னைக்கு வெளிய வந்துருவாரு. நாளைக்கு யாரைக் கேப்பாரு?" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "தப்புதாங்க. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இனிமே விளையாட மாட்டேன்."

"மத்ததுக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மத்ததுக்கு எப்பவும் போலத்தான்."

"அப்ப இது நிஜமாத்தான் இருக்கும்" என்று அவர் அவள் கையைப் பிடித்துக் காலை வைத்தார். தரை இருந்தது.

கார் கதவைத் திறந்ததும் பின் சீட்டை உற்றுப் பார்த்தார். "பூனை இருக்கா?"

"இல்ல."

மெக்கானிக் பூனை மேலேயே நிம்மதியாக உட்கார்ந்தார்.