முன்மூங்கில் மரியாதை

டாயெங் பாஜியின் வீட்டுக்கு முன்னால் ஒரு காலத்தில் ஒன்பது தென்னைகள் நின்றன. கடல் அவசரப்படவில்லை. மழைக்காலத்துக்கு ஒன்று என்று நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, போன வருஷம், மரக்கால்களின் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் வந்து கோழிக்கூட்டை எடுத்துக்கொண்டு போனது. அடுத்தது வீட்டின் கால்கள்தான் என்பதைச் சொல்ல ஜோசியக்காரன் தேவையில்லை. மேற்குக் காற்று கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பாஜிக்கு ஐம்பத்து நான்கு வயது. புருஷன் இல்லை, தராசு உண்டு. அவள் ஊரான போந்தோலுவாவிலும் பக்கத்து ஊரான பங்காலாவிலும் காய்கிற கடற்பாசி முழுவதும் அந்தத் தராசில் ஏறி இறங்கித்தான் லாரிக்குப் போகும். மூட்டைக்குள் கையை விட்டுப் பிசைந்து பார்த்து, "இதுல பாசி பாதி, கடற்கரை பாதி" என்று சொல்லி மணலுக்கு இரண்டு கிலோ கழிப்பாள். திட்டிக்கொண்டேதான் விற்பார்கள். விற்காமல் இருந்ததில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் அவள் பேரில் ஒரு துண்டு நிலம் இருந்தது. வீட்டை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் கவலை விட்டது. ஆனால் பிரித்துக் கொண்டுபோக முடியாது. மாமனார் காலத்து மரம். ஆணி படாமல் முளையடித்துக் கோத்தது. கழற்றினால் பாதி விறகுக்குத்தான் ஆகும். அந்தப் பக்கத்தில் யாரும் பிரிப்பதும் இல்லை. கால்களோடு மூங்கில்களைக் கட்டி, ஊர் கூடித் தோள் கொடுத்து, வீட்டை வீடாகவே தூக்கிப் போவார்கள். சோறு போட்டால் போதும். கூலி என்று வாயைத் திறந்தால் வந்தவன் தோளைத் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

"எழுபது தோள் வேணும் அக்கா" என்றான் ஊர்த்தலைவன் சிஜாயா. "நம்மகிட்ட இருக்கிறது இருபத்தாறு. அதுல நாலு தோள்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு."

"பசங்க எல்லாம் எங்கடா?"

"நிக்கல் ஆலையில. மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு போட்டோ அனுப்புறானுங்க. போட்டோவா வந்து தூக்கும்?"

மிச்சத் தோள்கள் பங்காலாவில்தான் இருந்தன. பங்காலா என்றால் ஹாஜி லோம்போ; ஊர்த்தலைவரும் அவர்தான், பாதி ஊர் அவருடைய நிலத்தில்தான் நிற்கிறது. பாஜியை அங்கே குடிவரச் சொல்லி மூன்று தடவை ஆள் விட்டிருந்தார், இடம் இலவசம் என்று. காரணம் ரகசியமில்லை. தராசு இருக்கிற இடத்துக்கு லாரி வரும். லாரி வருகிற இடத்துக்குத் தார் ரோடு வரும். ரோடு வந்தால் ஐஸ் ஆலைக்காரன்கூட எட்டிப் பார்ப்பான். பாஜி மூன்று தடவையும் ஒரே பதில் சொல்லி அனுப்பினாள்: "தரை யாரோடதோ தராசும் அவரோடதுதான்."

இப்போது அவளே போய் அவர் வீட்டு ஏணியில் ஏற வேண்டியதாயிற்று.

"ஹாஜி, நாப்பத்தஞ்சு ஆள் வேணும். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சதும்."

"அம்பதா அனுப்புறேன்."

"பதிலுக்கு என்ன கேக்கறீங்க?"

"உங்கிட்டப் போய் என்ன கேப்பேன் டாயெங்? விருந்தாளிக்கு உண்டான மரியாதை கொடு, போதும்."

பேரம் பேசாமல் தலையாட்டுகிறவனைக் கண்டால் மடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷமாகப் பிறருக்குப் பாஜி சொல்லிவந்த புத்தி அது. அன்றைக்கு அவளுக்குக் காற்று வரப்போகிற கவலை. சொன்ன புத்தி அவளுக்கே எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் உடைகிற சாமான்களை எல்லாம் கீழே இறக்கினார்கள். தட்டுகள், கண்ணாடி, மாப்பிள்ளைக் கோலத்தில் புருஷனின் படம், தராசு. தராசைச் சிஜாயா தன் வீட்டு உத்தரத்தில் மாட்டிவைத்தான். பெண்கள் நான்கு அண்டா மீன் குழம்பும் வாழையிலையில் பொதிந்த வாழைப்பழப் பலகாரமும் செய்தார்கள். தொழுகை முடிந்து பங்காலாக்காரர்கள் ஐம்பது பேரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றபோது, பாஜி வழக்கப்படி கை காட்டினாள்.

"விருந்தாளிங்க முன்னால பிடிங்க. எங்க ஆளுங்க பின்னால."

முன்மூங்கில் என்பது மரியாதை. எந்த வீட்டுக்காரியும் அப்படித்தான் கொடுப்பாள்.

சிஜாயா பின்னாலிருந்து குரல் கொடுத்தான். எழுபத்தாறு பேரும் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். வீடு ஒரு முனகல் முனகிவிட்டுத் தரையைவிட்டு எழும்பியது. பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் பிடரியைத் தவிர எதுவும் தெரியாது. குரலுக்குக் கால் வைப்பதுதான் அவன் வேலை. பாஜி கையில் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நடந்தாள்.

உப்புக் கொட்டகைக்கு அருகே பாதை இரண்டாகப் பிரியும். வலதுபுறம் போனால் பள்ளிவாசல். வீடு இடதுபுறம் திரும்பியது.

பாஜிக்கு வாய்வரை கத்தல் வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள். நில் என்றால் பின்னால் இருப்பவர்கள் நிற்பார்கள், முன்னால் இருப்பவர்கள் நடப்பார்கள். நடுவில் மாமனாரின் மரம் வாழைத்தண்டு மாதிரி கிழியும். தோளில் வீடு இருக்கும்போது யாரோடும் சண்டை போட முடியாது. ஹாஜி இதை யோசித்துத்தான் மரியாதையை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. புரிந்ததற்குப் பலன் ஒன்றும் இல்லை.

"அக்கா, எந்தப் பக்கம் போறோம்? வெயில் வலது கன்னத்துல அடிக்குதே?" என்று பின்னாலிருந்து சிஜாயா கத்தினான்.

"நடடா. எதுவும் கேக்காதே. குரலை மட்டும் விடாதே."

அரைக் கிலோமீட்டர். எல்லை வாய்க்காலைத் தாண்டி, ஹாஜியின் தோப்போரத்தில், முன்கூட்டியே சமன்செய்து கல் பதித்திருந்த இடத்தில் வீடு இறங்கியது. கல்லைப் பார்த்தாள் பாஜி. அளவு எடுத்துப் பதித்த கற்கள். தன் வீட்டுக் கால்களை எவனோ எப்போதோ வந்து அளந்துகொண்டு போயிருக்கிறான்.

போந்தோலுவாக்காரர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். கெட்ட வார்த்தைகள் கிளம்பின. ஆனால் இருபத்தாறு பேர் கெட்ட வார்த்தையால் வீட்டைத் தூக்க முடியாது.

ஹாஜி குடை பிடித்துக்கொண்டு வந்தார். "வா டாயெங். வந்த வீட்டுல ஏறி அடுப்பைப் பத்தவை."

வீட்டுக்காரி ஏறி அடுப்பு மூட்டினால்தான் வீடு அந்த இடத்தில் குடியேறியதாகக் கணக்கு. பாஜி ஏறவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அங்கே கிடந்த ஒரு கூடையை வீட்டுக்கு அடியில் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வீடுதானே வந்திருக்கு ஹாஜி. நான் இன்னும் வரலையே."

"என்ன பேச்சு இது? இடம் இலவசம்னு எத்தனை தடவை சொல்றது?"

"இலவசத்துக்கு வாடகை கட்டி மாளாது. ஆயுசு பூரா கட்டணும்."

"அப்ப வெளியிலயே உக்காந்திரு. மழை வரும்."

"வரட்டும். தராசு சிஜாயா வீட்டுல தொங்குது. நாளைக்குக் காலையில நான் அங்க போய் எடை போடுவேன், போந்தோலுவா மூட்டைய மட்டும். பங்காலாப் பாசிய நீங்களே வாங்கிச் சாப்பிடுங்க. உடம்புக்கு நல்லதாம்."

இது ஹாஜிக்குச் சொன்னதல்ல. பின்னால் பந்தல்களில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த பெண்களுக்குச் சொன்னது. சொன்னது போய்ச் சேர்ந்தது. ஙெனாங் என்பவள் ஈரக் கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன் ஹாஜி, வீட்டைத் திருடத் தெரிஞ்ச உங்களுக்கு வீட்டுக்காரியத் திருடத் தெரியலையா? என் பாசி பதினோரு மூட்டை கெடக்கு. அதை என்ன, உங்க மாட்டுக்குப் போடவா?"

நாலு பெண்கள் சிரித்தார்கள். பிறகு நாலு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஹாஜியைப் பார்த்தார்கள். சிரித்ததைக்கூட அவர் தாங்கியிருப்பார்.

"சரி, என்னதான் வேணும்?"

"வீடு நிக்கிற தரை என் பேர்ல. பாசி காயப்போட இடம் என் பேர்ல. இமாம் முன்னால எழுதி, ரெண்டு ஊர்த்தலைவருங்களும் கையெழுத்துப் போடணும்."

"வீடு நிக்கிற அளவு தரேன்."

"இருபது நடைக்கு இருபது நடை."

"பத்து."

"உங்க தோப்பு கடல் வரைக்கும் போகுது. பத்து வருஷத்துல கடலே எடுத்துக்கப்போகுது. அதுக்கு நீங்க சும்மாதானே கொடுப்பீங்க?"

பதினைந்தில் முடிந்தது. ஹாஜி தாமே நடந்து அளக்க முன்வந்தார். ஐந்தடி உயரம், நடையும் அதற்கேற்ற நடை. பாஜி கூட்டத்தைப் பார்த்து, முன்மூங்கிலில் முதல் ஆளாக நின்ற நெட்டையனைக் கூப்பிட்டாள். "தம்பி, வீட்டைத் தூக்கிட்டு ஓடினியே, அதே எட்டு வச்சு நட." ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஹாஜியால் மறுக்க முடியவில்லை. இமாம் எழுதினார். ஹாஜி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூட மறந்து, சட்டையில் மை ஒழுக வீட்டுக்குப் போனார்.

சிஜாயா கையெழுத்துப் போடாமல் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உன் கதை முடிஞ்சுது அக்கா. எங்க கதை? லாரி இனிமே இங்கதானே நிக்கும்?"

"நானா நடந்து வந்தேன்? நீயும்தானே தூக்கிக்கிட்டு வந்தே."

"அதைத்தான் சொல்றேன். தூக்கின தோளு எங்களோடது. தராசு எங்க வீட்டுல தொங்குது. அது அங்கயே தொங்கட்டும். வாரத்துல நாலு நாள் நீ அங்க வந்து எடை போடு."

பாஜி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் மணல் கழிவுக்கு வாய் திறக்காதவன்.

"ரெண்டு நாள்."

"மூணு. மணலுக்கு ஒரு கிலோதான் கழிக்கணும்."

"ஒண்ணரை கிலோ."

கையெழுத்துப் போட்டான்.

பாஜி ஏணியில் ஏறிக் கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலைத் தள்ளினாள். அவசரத்தில் வீட்டை எந்தத் திசை பார்க்க இறக்கினார்கள் என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. எதிரே, பத்தடியில், ஹாஜியின் மாட்டுக்கொட்டில். ஒரு எருமை அவளைப் பார்த்து அசைபோட்டது.

வீட்டைத் திருப்ப மறுபடியும் எழுபது தோள் வேண்டும். பாஜி ஜன்னலைச் சாத்தினாள்.