நிலாவெளி ரோட்டால் வந்த மீன்கள்

இடுப்புப் பிடித்து, பாயில் புரளவும் ஏலாமல் இறக்கக்கண்டி அபூதாஹிர் கிடந்த காலையில்தான் மீன்கள் கடலை விட்டு ஏறி நிலாவெளி ரோட்டால் வந்தன. எழுபத்து மூன்றாம் ஆண்டு, வாடைக்காற்று ஓய்ந்திருந்த நேரம். மஞ்சளும் நீலமும் வரி போட்டவையுமாக, நெஞ்சளவு உயரத்தில், காற்றில் செட்டையடித்து வந்தன. திருகோணமலை பஸ் ஓரங்கட்டியது. “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க” என்று பழக்கத்தில் கத்திய கொண்டக்டரின் சொல்லுக்குச் சில மீன்கள் பின்கதவால் ஏறி முன்கதவால் இறங்கின. அபூதாஹிரின் மனைவி ரபீக்கா வாசலில் நின்று கூவினாள்: “இஞ்ச பாருங்க! கறிக்கு மீன் தானா வருது. நீங்க இடுப்பப் புடிச்சிக்கிட்டே கிடங்க!”

இடுப்பு முந்தின நாள் போனது. நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரச் சுழியோடிகளை, முதுகில் கட்டும் சிலிண்டர்களோடு, அபூதாஹிர்தான் புறாத்தீவுக்கு ஏற்றிப் போவார். அந்தக் கரையில் யாரும் மணலில் நங்கூரக்கல் போடுவதில்லை, வள்ளம் இழுபடும். கடலடியில் கிளைவிட்டு வளரும் பவளமான முருகைக்கல்லில் போட்டால் கவ்விக்கொள்ளும். அன்று போட்ட கல், கந்தூரி விருந்துக்குச் சோறாக்கும் சட்டியளவு முருகையொன்றை அடியோடு பெயர்த்தது. சுழியோடிகள் குதூகலித்து அதைக் கேட்க, அபூதாஹிர் குனிந்து இழுத்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. உடைந்த உள்ளங்கையளவு கிளையொன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி அன்றிரவே பிளேன் ஏறினாள். மீதி ஹோட்டல் முன்மண்டபத்து மேசையில் ஏறியது. மீன்கள் அதைத் தேடித்தான் வந்தன.

வந்து, அதைச் சுற்றிக் குடியேறின. குச்சவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சனம் அள்ளுப்பட்டு வந்தது. ஐஸ்பழக்காரனுக்குக் கை ஓயவில்லை. மேனேஜர் சோமசேகரம் கதவுகளைக் கழற்றியே வைத்துவிட்டார். வீசுவலை எறிந்து ரோட்டிலேயே பிடித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த மீனுக்குப் பாரமில்லை, சட்டியில் போட்டால் சுடுதண்ணிதான் மிஞ்சியது. கடலிலோ வலை பாசியோடு ஏறியது. கடலடியில் முருகை பெயர்ந்த இடம் எலும்பு போல வெளுத்துப் போனது. கரையோர வீடுகளில் சம்பலும் சோறும். கண் நிறைந்தது, வயிறு நிறையவில்லை.

“கொண்டு வந்த கையாலயே கொண்டு போய் வைங்க,” என்றாள் ரபீக்கா. அபூதாஹிர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, குனிந்த நடையில் ஹோட்டலுக்குப் போய் முருகையைக் கேட்டார்.

“அது ஹோட்டல் சாமான், அபூதாஹிர்,” என்றார் சோமசேகரம்.

“சாமான் இல்ல சேர், வீடு. என்ட கல்லு விழுந்து இடிஞ்ச வீடு. தராட்டி இந்த மீன் குடும்பத்துக்கெல்லாம் நீங்கதான் சோறு போடணும்.”

கடலுக்குள் பார்க்க ஒன்றுமில்லையென்று சுழியோடிகள் ஏற்கனவே அறைகளைக் காலி செய்திருந்தார்கள். மேனேஜர் பெருமூச்சு விட்டு முருகையின் மறுபக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.

மாப்பிள்ளை ஊர்வலமே தோற்றுப்போகும். முன்னால் முருகை, தலைக்கு மேலே மீன், பின்னால் பெண்களின் குரவை. அபூதாஹிர் வாழ்நாளில் முதல்தரம் மணலில் கல் போட்டார். வள்ளம் இழுபட இழுபட, கூட வந்தவர்கள் துடுப்புப் போட்டுப் பிடிக்க, மூச்சை அடக்கி இறங்கி முருகையை அதன் குழியில் இருத்தினார். மீன்கள் மழையாக அவர் மேலேயே கொட்டின. இடுப்பு சட்டென்று விட்டது.

மஞ்சள் மீன் சோடியொன்று மட்டும் கடலுக்கு இறங்கவில்லை. எண்பதுகள் வந்தும் அவை ஹோட்டல் மண்டபத்தில் அதே மேசைக்கு மேலே நிற்கின்றன. கூட்டுகிறவள் விலக்கிவிட்டுக் கூட்டுகிறாள். அபூதாஹிர் இன்றைக்கும் மணலில்தான் கல் போடுகிறார். இடுப்பில் உள்ளங்கையளவு இடம் மட்டும் நோகிறது. கடலுக்கு அவர் கொடுக்கவேண்டியது இன்னும் ஒரு கிளை முருகைக்கல்.