எருமையை விற்று வந்த நாற்காலிகள்

என் அப்பன் சீராகக் கொடுத்த கறவை எருமையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்துத் தெரு சென்னியம்மாளுக்கு விற்றுவிட்டு, என் வீட்டுக்காரர் மாரியப்பன் சேலத்திலிருந்து இரண்டு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கை வைத்த நாற்காலிகள். செத்துப்போன ஒரு துரையின் பங்களாவில் ஏலம் எடுத்தாராம். இரண்டும் அசல் தோதகத்தி என்கிற ஈட்டி மரமாம், நூறு வருஷத்துச் சாமானாம், விற்றால் மூன்று மடங்கு கிடைக்குமாம். இங்கே பிள்ளைகளுக்கு மோருக்கு வழியில்லை. குடிப்பது கூழ், கொப்பளிப்பது பன்னீர்!

சென்னியம்மாள் நல்லவள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எருமையை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அதனால் நாற்காலிகளை விற்றுவிட நானே சேலத்து மரச்சாமான் வியாபாரி ஷஃபியுல்லாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவர் வரும் நாள் காலையில் நாற்காலிகளை வாசலில் போட்டு, உவர்மண் கரைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்தேன். எழவு வீட்டுச் சாமானைக் கழுவாமல் வைத்துக்கொள்ள நான் என்ன மதி கெட்டவளா? ஒன்றிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடியது. பொன்னான பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் குதித்தார், கை ஓங்கினார். நானும் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போடவில்லை.

ஷஃபியுல்லா வந்து இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். சாயம் போன நாற்காலியின் அடியில் வெளுத்த மரமும் புது ஆணிகளும் தெரிந்தன. மற்றதில் ஆணியே இல்லை, எல்லாம் மரமுளைதான். கை வைக்கும் இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"இதுதானுங்க பழசு, நெசமான தோதகத்தி. அது இதைப் பாத்துச் சோடி சேக்கறதுக்குப் புதுசா செஞ்சது," என்றார்.

நான் கழுவியதில் மெருகு போனதற்காகக் கொஞ்சம் குறைத்தார். அப்படியும் அவர் சொன்ன விலை எருமையை மீட்கப் போதும். பிழைத்தோம் என்று நினைத்தேன். ஆனால் அசல் என்று தெரிந்ததும் இந்த மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"இதைக் குடுக்க மாட்டேனுங்க. துரை உக்காந்த நாக்காலி. இனி நாந்தான் இதுல உக்காருவேன்."

என் கோபத்துக்கு அளவில்லை. ஈரக் கையோடு போய், வியாபாரி பார்க்க, தெருவே பார்க்க, அந்த நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் புருஷனுக்கு முன்னால் எவளும் கட்டிலில்கூட உட்கார்ந்ததில்லை.

"இப்ப வந்து உக்காருங்க. பொண்டாட்டி சின்னாயி எந்திரிச்ச எடத்துல மாரியப்பன் உக்காந்திருக்கான்னு ஊரு சொல்லட்டும்."

அவர் தெருவைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"தூக்கீட்டுப் போங்க, ராவுத்தரே," என்றார்.

பணம் என் மடிக்கு வந்த பிறகுதான் எழுந்தேன். பொழுது சாய்வதற்குள் எருமை கொட்டிலுக்கு வந்துவிட்டது. அந்தச் சாயம் போன நாற்காலியை அவருக்கே விட்டுவிட்டேன். அதில் உட்கார்ந்துதான் இப்போது என் எருமையின் மோரைக் குடிக்கிறார்.